நெஞ்சு தேறிடுச்சு, கால் தேறல: ஹார்ட் அட்டாக்குக்கு அப்புறம் ஒரு அப்பத்தாவோட ஆறு மாசம்

போன்ல அவங்க மகன் சொன்னது ஒரே வரிதான். "சார், ஆத்தாவுக்கு ஹார்ட்ட சரி பண்ணி அனுப்பிட்டாங்க, ஆனா ஆளு எந்திரிக்க மாட்டேங்குது." நான் பிசியோதெரபிஸ்ட், சிவகங்கை பக்கம் வீடு வீடா போய் பாக்குற வேலை, இந்த வரிய வேற வேற வீட்டுல வேற வேற வாயில நிறைய தடவ கேட்டிருக்கேன். இங்க எழுதப்போறது ஒரே ஆளோட கதை மாதிரி இருக்கும், ஆனா யாருன்னு அடையாளம் தெரியக்கூடாதுன்னு நாலஞ்சு பேர்கிட்ட பாத்தத ஒண்ணா சேத்துதான் எழுதிருக்கேன், நம்பரும் அந்த மாதிரி ஆளுங்ககிட்ட வழக்கமா வர்ற நம்பர்தான்.

அப்பத்தாவுக்கு 78 வயசு. சுகர் 12 வருஷமா, பிரஷர் அதுக்கும் முன்னாடி இருந்தே. முட்டி வலிக்கு கடையில சொல்லி வாங்குற வலி மாத்திரை தினமும் ஒண்ணு, அத மாத்திரைன்னே அவங்க கணக்குல சேக்கல, கேட்டப்ப "அது சும்மா தம்பி, முட்டிக்கு" அப்படின்னாங்க. வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். மகன், மருமக, ஒரு பேத்தி. மருமக நூறு நாள் வேலைக்கு போறவங்க. அட்டாக்குக்கு முன்னாடி அப்பத்தா தானே குளிச்சு, தானே சமைச்சு, ஆறு கோழிக்கும் தீவனம் போட்டுட்டு இருந்தவங்க, ஆனா சந்தைக்கு போறது, பேங்க் போறது, கனமா தூக்குறது எல்லாத்தையும் ஒரு வருஷத்துக்கு முன்னாடியே விட்டாச்சு. முந்தின வருஷம் எடுத்த எடை 51 கிலோ, அட்டாக் வந்தன்னிக்கு 46. யாரும் பட்டினி போடல, டயட்டும் இல்ல. வயசாச்சுல்ல, மெலியத்தான் செய்யும்னு விட்டுட்டாங்க.

இதுலதான் விஷயமே இருக்கு. ஃப்ரெயில்டின்னு சொல்றோமே, நம்மூர்ல "ஆளு நொடிஞ்சு போச்சு"ன்னு சொல்லுவோம், அது அட்டாக்கோட சேந்து வரல, முன்னாடியே வந்து உக்காந்திருந்துச்சு. 2001ல அமெரிக்க டாக்டர் லிண்டா ஃப்ரைட் குழு வச்ச அஞ்சு அடையாளம் இன்னிக்கும் எல்லாரும் பயன்படுத்துறதுதான்: தானா எடை கொறையுறது, எதுக்கெடுத்தாலும் அசதி, கைப்பிடி பலம் கொறையுறது, நடை மெதுவாகுறது, நடமாட்டம் கொறையுறது. அஞ்சுல மூணு இருந்தா ஃப்ரெயில். அப்பத்தாவுக்கு அட்டாக் வர்றதுக்கு முன்னாடியே எடை, அசதி, நடமாட்டம்னு மூணும் இருந்துருக்கு. கனடாவுல ராக்வுட்ங்கிற டாக்டர் கொண்டுவந்த கிளினிக்கல் ஃப்ரெயில்டி ஸ்கேல்னு 1ல இருந்து (நல்ல திடம்) 9 வரைக்கும் (கடைசி கட்டம்) ஒண்ணு இருக்கு, அதுல ஆஸ்பத்திரி கட்டில்ல கெடக்குற நெலமைய பாத்து மார்க் போடக்கூடாது, சீக்கு வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு கேட்டுத்தான் போடணும். அப்படி கேட்டா அவங்க 5. கட்டில்ல பாத்து போட்டா 7 வந்துருக்கும், அந்த 7அ பாத்து "இவங்களுக்கு ஒண்ணும் செய்ய வேணாம்"னு யாராச்சும் முடிவெடுத்துருக்கலாம்.

அட்டாக் வந்த விதமும் அப்படித்தான், நெஞ்சுவலியே இல்ல. சாயங்காலம் வேர்த்துச்சு, தலை கிறுகிறுன்னுச்சு, மூச்சு வாங்குச்சு. கேஸ்னு நெனச்சு ஓமத்தண்ணி, சோடா எல்லாம் ஆச்சு, ராத்திரி முழுக்க உக்காந்தே கழிச்சு விடிஞ்சதும்தான் ஆஸ்பத்திரி. வயசான, சுகர் இருக்குற பொம்பளைங்களுக்கு இப்படி வலி இல்லாம வர்றது ரொம்ப சகஜம். ஈசிஜில எஸ்டிங்கிற கோடு எறங்கியிருக்கு, இதயத்தசை அடிபட்டா ரத்தத்துல ஏறுற ட்ரோப்போனின் ஏறியிருக்கு, என்ஸ்டெமின்னு சொல்லிட்டாங்க, அதாவது பெரும்பாலும் ரத்தக்குழாய் முழுசா அடைக்காம வர்ற வகை அட்டாக். எக்கோ ஸ்கேன்ல ஈஎஃப், அதாவது இதயம் ஒரு துடிப்புல வெளிய தள்ளுற ரத்தத்தோட பங்கு, 42 சதவீதம். ஹீமோகுளோபின் 9.4. கிட்னி எப்படி இருக்குன்னு பாக்குற கிரியாட்டினின் 1.4.

இந்த 1.4அ மட்டும் கொஞ்சம் கவனிங்க. பேப்பர்ல பாத்தா லேசா கூட அவ்வளவுதான்னு தோணும், ஆனா கிரியாட்டினின் தசையில இருந்து வர்றது, தசையே இல்லாத ஆளுக்கு அது அவ்வளவா ஏறாது. வயசு, எடை எல்லாம் சேத்து காக்ராஃப்ட் கணக்குல போட்டா கிட்னி வடிகட்டுறது நிமிஷத்துக்கு 24 மில்லிதான் வருது. மெலிஞ்ச பாட்டிங்க விஷயத்துல கிரியாட்டினின் நல்லா பொய் சொல்லும், மாத்திரை டோஸ் எல்லாம் அங்கதான் தப்பும்.

ஆஞ்சியோ பண்ணலாமா வேணாமான்னு வீட்டுல ஒரு நாள் பஞ்சாயத்து. இதுக்கு உண்மையிலேயே ஒத்த பதில் கிடையாது. 2024ல வந்த சீனியர் ரீட்டா ட்ரையல் பிரிட்டன்ல 75 வயசுக்கு மேல என்ஸ்டெமி வந்த 1518 பேர வச்சு பண்ணது, நாலு வருஷத்துக்கு மேல பாத்தாங்க, இதயத்தால சாவு அல்லது மறுபடி அட்டாக்னு சேத்து எண்ணுனா ஆஞ்சியோ பக்கம் 25.6 சதவீதம், மாத்திரை மட்டும் பக்கம் 26.3, கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா மறுபடி அட்டாக் மட்டும் தனியா எடுத்தா 11.7க்கு 15. அதாவது உயிர நீட்டும்னு சொல்ல முடியாது, அடுத்த அட்டாக்க கொஞ்சம் தள்ளிப்போடும். அப்பத்தாவுக்கு ரெண்டாம் நாள் மருந்து ஓடிட்டு இருக்கும்போதே மறுபடி மூச்சு வாங்கி ஈசிஜி மாறுனதால மணிக்கட்டு வழியா ஆஞ்சியோ பண்ணி ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினோட க்ளோபிடோக்ரெல். அதே வேலைய இன்னும் வீரியமா செய்யுற டிகாக்ரிலார் குடுக்காதது நல்ல முடிவு, நெதர்லாந்துல 70 தாண்டினவங்கள வச்சு 2020ல வந்த பாப்புலர் ஏஜ் ட்ரையல்ல க்ளோபிடோக்ரெல் பக்கம்தான் ரத்தக்கசிவு கம்மி, ஹீமோகுளோபின் 9.4 இருக்குற ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

ஐசியூல ரெண்டாம் ராத்திரி அப்பத்தா டிரிப்ஸ பிடுங்கிப் போட்டுட்டு செத்துப்போன வீட்டுக்காரர கூப்பிட்டு, கட்டிலுக்கடியில ஆடு நிக்குதுன்னு சொல்லிருக்காங்க. கைய கட்டிப் போட்டுட்டாங்க. டெலிரியம்னு சொல்ற திடீர் மனக்குழப்பம் இது, ஃப்ரெயிலா இருக்குறவங்களுக்கு ஐசியூல அடிக்கடி வர்றது. கண்ணாடியும் பல்லு செட்டும் வீட்டுல இருந்துச்சு, ஆள தெரியாத, சத்தம் புரியாத ஒரு இடத்துல லைட்ட அணைக்காம படுக்க வச்சா நமக்கே ஆடு தெரியும். பேத்தி கண்ணாடி கொண்டுபோய் மாட்டிவிட்டு பக்கத்துல இருந்த அன்னிக்கே பாதி தெளிஞ்சிடுச்சுன்னாங்க. ஆறாம் நாள் டிஸ்சார்ஜ்.

நான் போனது அட்டாக் வந்து 16வது நாள். அப்பத்தா கட்டில்ல. டாய்லெட்டுக்கு மட்டும் ரெண்டு பேர் புடிச்சு கூட்டிட்டு போறாங்க, சாப்பாடு கட்டிலுக்கே வருது, தலை வாரி விடுறது கூட மருமக. இது பாசம்தான், நான் கொறை சொல்லல, "ஹார்ட் பேஷன்ட், அசையக்கூடாது"ன்னு ஊரே வந்து சொல்லிட்டு போயிருக்கு. ஆனா கணக்கு வேற. 2007ல வந்த ஒரு ஆய்வுல நல்லா ஆரோக்கியமா இருந்த வயசானவங்களையே 10 நாள் படுக்கையில வச்சு பாத்தாங்க, கால்ல இருந்து மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போயிருந்துச்சு. அப்பத்தாகிட்ட போறதுக்கு எங்க இருக்கு? எடை இப்ப 43.

அன்னிக்கு எடுத்த அளவு இது. கைப்பிடி 11 கிலோ, ஆசியக் கணக்குப்படி பொம்பளைங்களுக்கு 18க்கு கீழ போனாலே பலம் கம்மின்னு அர்த்தம். 4 மீட்டர் நடக்க 8 செகண்ட், அதாவது செகண்டுக்கு அரை மீட்டர். கைய ஊணாம நாற்காலில இருந்து எந்திரிங்கன்னா ஒரு தடவ கூட முடியல. பேலன்ஸ், நடை, நாற்காலி மூணையும் சேத்து 12க்கு போடுற எஸ்பிபிபி மார்க் 4. மனசு அதவிட மோசம். "எனக்கென்ன தம்பி, இப்படியே கெடந்து போய்ச் சேர வேண்டியதுதான், இதுகளுக்கும் பாரம்" அப்படின்னு செவுத்த பாத்துட்டே சொன்னாங்க. என்ன செய்யணும்னு ஆசைன்னு கேட்டா பதிலே இல்ல. கெளம்பும்போது வாசல்ல கோழி கத்துச்சு, "அதுகளுக்கு எவ போடுறா, எனக்கு தெரியாது"ன்னாங்க, அப்பதான் எனக்கு பிடி கெடச்சுது.

இப்ப நான் பண்ண தப்ப சொல்லிடுறேன். முதல் நாள் பிபி எடுத்தேன், உக்காந்த மேனிக்கு எடுத்தேன், 126/72, நல்லாருக்குன்னு எழுதிட்டு வந்துட்டேன். நிக்க வச்சு எடுக்கல. நாலு நாள் கழிச்சு விடியக்காலம் மூணு மணிக்கு ஒண்ணுக்கு போக தானா எந்திரிச்சு, கொல்லைப்பக்கம் படியில விழுந்துட்டாங்க. தலையில அடி இல்ல, இடுப்பு எலும்பு முறியல, தொடையில உள்ளங்கை ரெண்டு சேத்த அளவுக்கு கருநீலமா ரத்தம் கட்டிருச்சு, ரெண்டு ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை ஓடுற ஆளுக்கு அது கொறச்சல்தான். மறுநாள் போய் படுக்க வச்சு எடுத்தேன் 128/74, நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல 100/62, மூணு நிமிஷத்துல 98. மேல் நம்பர் 20க்கு மேல எறங்குனாலே நிக்கும்போது பிரஷர் விழுதுன்னு அர்த்தம், இங்க 30.

அப்புறம்தான் மாத்திரைய எல்லாம் கொண்டாங்கன்னேன். ஒரு மஞ்சப்பை வந்துச்சு. கட்டில்ல கொட்டி எண்ணுனா ஒரு நாளைக்கு 15 மாத்திரை. டிஸ்சார்ஜ் சீட்டுல இருக்குற ராமிப்ரில் ஓடுது, பழைய பிரஷர் மாத்திரை டெல்மிசார்டனும் ஓடுது, ஏன்னா பழச நிறுத்துங்கன்னு சீட்டுல எங்கயும் எழுதல, அவங்களும் "சாகுற வரைக்கும் பிரஷர் மாத்திரைய நிறுத்தக்கூடாது"ன்னு யாரோ சொன்னத புடிச்சிட்டு இருக்காங்க, தப்பு அவங்க மேல இல்ல. இந்த ரெண்டையும் சேத்து குடுத்தா லாபம் இல்ல, பிரஷர் விழுறதும் கிட்னி அடி வாங்குறதும்தான் கூடுதுன்னு 2008லயே ஆன்டார்கெட் ட்ரையல் காட்டிருச்சு. கூடவே பிரஷர கொறைக்கிற அம்லோடிபினும் மெட்டோப்ரோலாலும், ஒண்ணுக்கு நிறைய போக வைக்கிற லாசிக்ஸ் காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. சாயங்காலம் லாசிக்ஸ் போட்டா ராத்திரி எந்திரிக்காம என்ன செய்வாங்க? சுகர் மாத்திரை க்ளிமிபிரைடு பழைய டோஸ்லயே ஓடுது, சாப்பாடு பாதியாயிருச்சு, மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி 6.4. இத நல்ல கன்ட்ரோல்னு சந்தோஷப்படுவோம், ஆனா நொடிஞ்சுபோன வயசானவங்களுக்கு 8க்குள்ள இருந்தாலே போதும், அதுக்கு கீழ புடிச்சு இழுத்தா லோ சுகர்ல விழுவாங்க. விடியக்காலம் வேர்க்குதுன்னு அப்பத்தா சொல்றத வீட்டுல மறுபடி ஹார்ட்டோன்னு பயந்துட்டு இருந்தாங்க, குளுக்கோமீட்டர் வச்சு பாத்தா 61. முட்டிக்கு போடுற அந்த "சும்மா" மாத்திரை டைக்ளோஃபெனாக், அதுவும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலோட சேந்து வயித்துக்குள்ள என்ன பண்ணிட்டு இருந்துச்சோ.

மாத்திரைய நிறுத்துறது என் வேலை இல்ல. எல்லாத்தையும் வரிசையா போட்டோ எடுத்து, படுத்த பிபி, நின்ன பிபி, சுகர், விழுந்த நேரம் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி மகன் கையில குடுத்து டாக்டர்கிட்ட அனுப்புனேன். டெல்மிசார்டன், அம்லோடிபின், க்ளிமிபிரைடு மூணும் போச்சு, டைக்ளோஃபெனாக் போய் பாராசிட்டமால் வந்துச்சு, லாசிக்ஸ் காலைல மட்டும், அதுவும் மூணு வாரத்துல நின்னுச்சு. ராமிப்ரில் 2.5, மெட்டோப்ரோலால் 25 வச்சுக்கிட்டாங்க. இரும்புச்சத்து ரொம்ப கம்மின்னு டெஸ்ட்ல வந்ததால நரம்பு வழியா ஊசி போட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு நிக்கும்போது பிபி 116, கிரியாட்டினின் 1.0. கிட்னி ஓரளவு திரும்புச்சு, எடை 43தான்கிறதால கணக்கு போட்டா இன்னும் 31தான் வருது, ஆனா 24ல இருந்து அது.

சாப்பாடுதான் பெரிய சண்டை. ஹார்ட் பேஷன்ட்னதும் முட்டை, மீன், பால், கடலை எல்லாத்துக்கும் தடை, காலைல ரெண்டு இட்லி, மத்தியானம் ரசம் சோறு, ராத்திரி கஞ்சி. எண்ணிப் பாத்தா ஒரு நாளைக்கு புரதம் 20 கிராமத் தாண்டல. எடைக்கு கிலோவுக்கு 1 கிராமாச்சும் வேணும், கிட்னிய வச்சு அதுக்கு மேல போக வேணாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு, அப்ப 43, 45 கிராம். மருமக "முட்டை குடுத்தா கொழுப்பு அடைச்சிராதா சார்"னு கேட்டாங்க, நியாயமான கேள்வி. 43 கிலோ எடையில இருக்குற ஆளுக்கு இப்ப கொழுப்ப விட பட்டினிதான் எமன், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் ஓடிட்டுதான் இருக்குன்னு சொன்னேன். குடுத்தும் சாப்பிடல. ஏன்னு மூணு நாள் யாருக்கும் புரியல. பல்லு செட்டு லூசாயிருக்கு! எடை கொறைஞ்சதுல ஈறும் சுருங்கி, மெல்லும்போது கழண்டு வருது, வெக்கப்பட்டு வெளிய சொல்லல. செட்ட சரி பண்ணுற வரைக்கும் மெல்லாம உள்ள போறதா பாத்தோம், அரைவேக்காடு இல்லாம நல்லா வெந்த முட்டைய மசிச்சு குழம்புல, பொட்டுக்கடலை மாவு போட்ட கஞ்சி, ரெண்டு வேளை பால், பருப்ப கடைஞ்சு கெட்டியா, ஞாயித்துக்கிழமை அயிரை மீன் குழம்பு. அயிரைக்கு மட்டும் யாரும் சொல்ல வேண்டியிருக்கல. கருவாடும் ஊறுகாயும் இல்லன்னதுக்கு என்கிட்ட ஒரு வாரம் சரியா பேசல.

இனி கால். முதல்ல பிளாஸ்டிக் சேர தூக்கி ஓரமா வச்சிட்டு கனமான மர நாற்காலி ஒண்ண செவுத்தோட ஒட்டிப் போட்டோம். ரெண்டு தலகாணி போட்டு உயரத்த கூட்டி, கைய ஊணி எந்திரிச்சு உக்கார்றது, அஞ்சு தடவ, ஒரு நாளைக்கு மூணு வேளை. நேரம் சொன்னா மறந்துருவாங்க, அதனால காலைல காபிக்கு முன்னாடி, மத்தியான சோத்துக்கு முன்னாடி, ராத்திரி சீரியல்ல விளம்பரம் போடும்போதுன்னு வச்சோம். பத்து நாளைக்கு ஒரு தலகாணி கொறைஞ்சுச்சு. அடுப்பு மேடைய புடிச்சிட்டு குதிகால தூக்குறது, ஒரு காலுக்கு முன்னாடி ஒரு கால வச்சு நிக்கிறது. அஞ்சாவது வாரத்துல அரை கிலோ உப்பு பாக்கெட்ட துண்டுல சுத்தி கணுக்கால்ல கட்டி, உக்காந்தபடி கால நீட்டி மடக்குறது. சோத்துல கொறச்ச உப்ப எல்லாம் கால்ல கட்டியாச்சுன்னு பேத்திக்கு ஒரே சிரிப்பு. தோல் மெலிசு, லேசா அழுத்துனாலே கன்னிப்போகும், அதனால துண்டு இல்லாம கட்டக்கூடாது.

நடை திண்ணையில இருந்து வேப்பமரம் வரைக்கும். மெட்டோப்ரோலால் ஓடும்போது நாடித்துடிப்ப வச்சு அளவு சொல்ல முடியாது, அது ஏறவே விடாது, அதனால பேச்ச வச்சுதான். பேசிட்டே நடக்க முடியணும், பாட்டு பாட முடியக்கூடாது. அப்பத்தாவுக்கு நான் சொன்னது, மருமகள திட்டிட்டே நடக்க முடிஞ்சா சரியான வேகம், திட்டுறத நிறுத்திட்டீங்கன்னா வேகம் ஜாஸ்தி. நெஞ்சு அழுத்துனாலோ, தலை சுத்துனாலோ, வேர்த்து கொட்டுனாலோ உக்காந்துரணும், அஞ்சு பத்து நிமிஷத்துல அடங்கலன்னா 108. மரத்துக்கடியிலதான் கோழிக்கூடு. அரிசிக் கிண்ணத்த மருமக கையில இருந்து அப்பத்தா கைக்கு மாத்துனது மூணாவது வாரம், எக்சர்சைஸ்னு சொன்னா முறைக்கிறவங்க கிண்ணத்த குடுத்தா ரெண்டு தடவ போயிட்டு வந்தாங்க.

இது எல்லாம் வீட்டு வைத்தியம் மாதிரி தெரியலாம், ஆனா இதுக்கு இப்ப நல்ல ஆதாரம் இருக்கு. இத்தாலில பைப்லைன்னு ஒரு ட்ரையல், 2025ல வந்துச்சு, 65 தாண்டி ஹார்ட் அட்டாக் வந்து அப்புறம் நடை, எந்திரிக்கிறதுல தளர்ந்து போன 512 பேர், வரிசைப்படுத்துனா நடுவுல வர்ற வயசு (மீடியன்) 80. ஒரு பக்கம் வழக்கமான கவனிப்பு, இன்னொரு பக்கம் சுகர் பிரஷர் கட்டுப்பாடு, சாப்பாட்டு ஆலோசனை, உடற்பயிற்சி மூணும் சேத்து. ஒரு வருஷத்துல இதயத்தால சாவு அல்லது திடீர்னு இதயத்துக்காக ஆஸ்பத்திரில சேர்றது 20.6 சதவீதத்துல இருந்து 12.6க்கு எறங்கிருக்கு. ஸ்டென்டுக்கு ஒண்ணுமேல ஒண்ணா ட்ரையல் நடந்த காலத்துல உக்காந்து எந்திரிக்கிறதுக்கு இவ்வளவு நாள் ஆயிருக்கு, அதுக்கு ஒரு கம்பெனியும் இல்ல பாருங்க.

இங்க நடைமுறையில இருக்குற சிக்கல் வேற. கார்டியாக் ரிஹாப்னு இதய நோயாளிங்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சி தனியா இருக்குறது பெரிய ஊர்கள்லதான், வாரத்துக்கு மூணு நாள் ஆட்டோ புடிச்சு போறது இந்த வீட்டுக்கு ஆகாது, மருமகளுக்கு ஒரு நாள் கூலி போகும். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரையோட வீட்டுக்கே வந்து பிசியோவும் உண்டு, அது நிறைய பேருக்கு தெரியாது, தெரிஞ்சவங்களும் பக்கவாதம் வந்தவங்களுக்குத்தான்னு நெனச்சுக்கிறாங்க. நான் வாரத்துக்கு ஒரு தடவ, மத்த நாளெல்லாம் பேத்திதான் கோச்சு, காலண்டர்ல டிக் போடுவா, போடாத நாளுக்கு ஒரு கோழி படம் வரைஞ்சு வைப்பா.

நேர்கோடா ஏறல இது. ஏழாவது வாரம் சளி, காய்ச்சல்னு அஞ்சு நாள் படுத்தாங்க, தலகாணி ரெண்டும் திரும்ப நாற்காலிக்கு வந்துச்சு. அதுக்கு நடுவுல பக்கத்து வீட்டுல ஒருத்தர் அட்டாக்ல போயிட்டாரு, அப்புறம் ஒரு வாரம் அப்பத்தா வாசப்படி தாண்டல. நான் எக்சர்சைஸ் எதுவும் சொல்லாம உக்காந்து பேசிட்டு மட்டும் வந்தேன், ரெண்டாவது தடவ அவங்களே "அந்த ஆளு பீடி குடிக்கிறவன், நான் குடிக்கல"ன்னு எந்திரிச்சாங்க.

12வது வாரம் திரும்ப அளந்தேன். 4 மீட்டர் 5.9 செகண்ட். கைய ஊணாம அஞ்சு தடவ எந்திரிக்க 16.2 செகண்ட். எஸ்பிபிபி 4ல இருந்து 8. கைப்பிடி 13தான், பெருசா மாறல. எடை 45. ஆறு நிமிஷ நடை ஆரம்பத்துல 140 மீட்டர், இப்ப 245. எக்கோ மறுபடி எடுத்ததுல ஈஎஃப் 44, அதாவது ஹார்ட்டு கிட்டத்தட்ட அதே ஹார்ட்டுதான், அத வச்சுக்கிட்டே இவ்வளவு தூரம் நடக்குறாங்க.

ஆறாவது மாசம் கடைசியா பாத்தேன். ரத்தக்கசிவு பயம் இருக்குறதால க்ளோபிடோக்ரெல்ல நிறுத்திட்டு ஆஸ்பிரின் மட்டும் போதும்னு கார்டியாலஜிஸ்ட் முடிவு பண்ணிருந்தாரு. ஹீமோகுளோபின் 10.8. மாத்திரை 15ல இருந்து 7. ஃப்ரெயில்டி ஸ்கேல்ல இன்னும் 5தான், அட்டாக்குக்கு முன்னாடி எங்க இருந்தாங்களோ அங்கதான், அதுக்கு மேல தூக்க முடியல. மாடிப்படி ஏற மாட்டாங்க. கொல்லைப் படிக்கு பக்கத்துல கைப்பிடி கம்பி போட்டு, ராத்திரிக்கு லைட்டும் போட்டாச்சு, அப்புறம் விழல. ஊன்றுகோல் மட்டும் ஒத்துக்கல, கம்பு புடிச்சா கெழவின்னுருவாளுகன்னு சொல்லி அது கோழிக்கூட்டுக்கு முட்டு குடுத்து நிக்குது. நான் கெளம்பும்போது கிண்ணத்தோட மரத்தடிக்கு போயிட்டு இருந்தாங்க, மருமகள ஏதோ திட்டிட்டே. வேகம் சரியாத்தான் இருந்துச்சு.